காய்ந்த கிளையும் கடுக்காய்க் கருப்பும்

பழவேற்காட்டுப் பெண்கள் பின்னும் பனையோலைச் சாமான்களை மேசையில் பரப்பி வைத்தால் பாதி அழகு போய்விடும். சின்னப் பெட்டி, கிலுகிலுப்பை, கைப்பிடி வைத்த கூடை எல்லாம் தொங்க வேண்டியவை. அவற்றுக்குப் பொருத்தமான தாங்கி ஒரு காய்ந்த மரக்கிளைதான். நிமிர்த்தி நிறுத்தி, கனமான அடித்தளத்தில் பொருத்தி, கவடுகளில் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டால் ஒரு மூலையே கடையாகிவிடும். கொலு வைக்கும் வீடுகளிலும் இப்போது இப்படி ஒரு கிளை நிற்கிறது. ஓலைப் பொருள்களோடு அடிக்கடி புழங்குவதால், இந்தக் கிளைகளைச் செய்து தருவதும் என் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது.

என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்ன வார்னிஷ் அடிக்கறது?" நான் திருப்பிக் கேட்பது: "இது எங்கே நிக்கப் போகுது?"

அந்தக் கேள்விக்குக் காரணம் நம்ம ஊர்க் காற்று. திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த வடகிழக்கு மூலையில் சில கிலோமீட்டருக்குள் காற்று மாறிவிடும். பழவேற்காடு ஏரிக் கரையில் உப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் உருக்கு ஆலைகளும் உருளை ஆலைகளும் இருப்பதால் இரும்புத் தூள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் இரண்டு இடத்திலும் விடாத ஈரம். இந்த மூன்றையும் சமாளிக்கும் பூச்சை டப்பாவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்தத் தேர்வு கிளையை வெட்டும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

எந்தக் கிளை?

நம்ம பக்கம் எளிதில் கிடைப்பது சவுக்கு. 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு தேவைப்பட்டபோது சென்னை மாகாணத்துக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகின. இன்றும் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களில் மணல்பாங்கான இடங்களில் தோப்புகள் இருக்கின்றன. கனமான மரம், நல்ல பலம். ஆனால் காயும்போது வெடிக்கும். ஆணியை நேராக அடித்தால் நீளவாக்கில் பிளக்கும். "சவுக்க வெயில்ல மட்டும் போட்டுடாதீங்க, வாயப் பொளந்துடும்" என்று எங்கள் பக்கத்து ஆசாரி ஒருவர் சொல்வார். சவுக்கின் நேரான கம்பு நடுத்தண்டுக்கு நல்லது. மாட்டுவதற்கான கவடுகள் அதில் குறைவு.

கவடுக்குக் கொய்யாவை அடிக்க ஆளில்லை. கிளைகள் தானாகவே வளைந்து நெளிந்து வளரும். பட்டை மெல்லிய தோலாக உரிந்து, அடியில் செம்பும் பச்சையும் கலந்த வழவழப்பு தெரியும். அந்த நிறத்துக்கு மேல் எந்தச் சாயமும் தேவையில்லை. வீட்டுத் தோட்டத்தில் கொய்யாவைக் கவாத்து செய்யும்போது வெட்டிப்போடும் கிளைகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, யாரும் மதிக்காத சீமைக்கருவேலம். 1877 வாக்கில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, நீர்நிலைகளையெல்லாம் பிடித்துக்கொண்ட மரம். அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. அகற்றிய மரம் பெரும்பாலும் கரிமூட்டத்துக்கும் விறகுக்கும்தான் போகிறது. ஆனால் மரவேலைக்கு அது அருமையான கட்டை. காயும்போது சுருக்கம் குறைவு, அதனால் முறுக்கிக்கொள்ளாது. வைரம் பாய்ந்த பகுதி அடர்ந்த செம்பழுப்பாக இருக்கும். முள்ளை மட்டும் அடியோடு சீவிவிடுங்கள். குத்தினால் சீழ் பிடிக்கும். இந்தக் கிளையை வெட்டினால் ஊருக்கும் நல்லது என்பதால் என் முதல் தேர்வு இதுதான்.

முருங்கை வேண்டாம், பலமில்லை. மாங்கிளை பார்க்க நன்றாக இருந்தாலும் வண்டுக்கு விருந்து. அரளியைத் தொடவே தொடாதீர்கள். அது நஞ்சு, குழந்தைகள் கைபடும் இடத்தில் அந்த மரத்துக்கு வேலையில்லை. ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கக் காப்புக்காடுகளில் கீழே விழுந்து கிடக்கும் கிளையானாலும் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. ஏரிக்கரை அலையாத்திச் செடிகளும் அப்படித்தான்.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையிலும் நம்ம மாவட்டத்திலும் எவ்வளவு மரம் சாய்ந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். புயலுக்குப் பிறகு கிளைக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் ஈர மண்ணில் வாரக்கணக்கில் கிடந்த கிளைக்குள் பூஞ்சை புகுந்திருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் விட்டுவிடுங்கள். வெட்டுமுகத்தில் நீலமும் கருப்புமாகத் திட்டு இருந்தால் அது நிறக்கறை மட்டும்தான், கட்டை பெரும்பாலும் பலமாகவே இருக்கும்.

காய வைப்பதில்தான் பாதி வேலை

இளங்கிளையில் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். அந்த வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருக்கிறது. உளுக்க வைக்கும் வண்டு தேடி வருவது அதைத்தான். கிளைக்கு அடியில் மைதா மாதிரி நைஸான தூள் கொட்டிக் கிடந்தால் வேலை உள்ளே முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் எத்தனை கோட் வார்னிஷ் அடித்தாலும் வண்டு உள்ளிருந்து துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

அந்தக் காலத்தில் கம்புகளையும் மூங்கிலையும் குளத்தில் ஊறப்போட்டு எடுத்ததற்குக் காரணம் இதுதான். வாரக்கணக்கில் ஊறும்போது மாவுச்சத்து கரைந்து போகும். இப்போது குளத்துக்கு வழியில்லாதவர்கள் வெங்காரமும் போரிக் ஆசிட்டும் கலந்த கரைசலைப் பயன்படுத்தலாம். மூங்கிலைப் பதப்படுத்தப் பரவலாகச் சொல்லும் அளவு இது: 10 லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் வெங்காரம், 200 கிராம் போரிக் ஆசிட். வெந்நீரில் நன்றாகக் கரையும். வெங்காரம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். கிளை பச்சையாக இருக்கும்போதே பட்டையை உரித்து ஊறவையுங்கள். மரத்துக்குள் இருக்கும் ஈரத்தின் வழியாகத்தான் மருந்து உள்ளே பரவுகிறது. காய்ந்த கிளையில் மேலோடு நின்றுவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அண்ட விடாதீர்கள். மழையில் நனைந்தால் இந்த மருந்து கரைந்து போய்விடும், ஆகவே கூரைக்குக் கீழே நிற்கும் கிளைக்குத்தான் இது.

பட்டையோடு வைக்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள பசை காய்ந்ததும் பட்டை கழன்று விழும், அந்த இடுக்கில் பூச்சி குடியேறும். பட்டை வேண்டுமென்றே ஆசைப்பட்டால் கோடையில் வெட்டுங்கள், அப்போது ஒட்டிக்கொண்டிருக்கும். உரிக்க வேண்டுமென்றால் மழை பெய்து தளிர் விடும் சமயத்தில் வெட்டுங்கள், கையால் இழுத்தாலே வந்துவிடும்.

வெட்டிய உடனே இரண்டு முனைகளிலும் மெழுகோ பழைய பெயிண்டோ தடவிவிடுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில், தரையில் படாமல் அடுக்கிவையுங்கள். எப்போது காய்ந்தது என்று தெரிந்துகொள்ளத் தராசு போதும். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றால், நம்ம காற்றில் அதற்கு மேல் காயாது என்று பொருள். மழைக்காலத்தில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். தை பிறந்து காற்று உலர்ந்த பிறகு பார்ப்பதுதான் சரி.

எவ்வளவு தாங்கும்? எதில் நிற்கும்?

ஓலைப் பெட்டிக்குக் கனம் கிடையாது. ஆனால் கிளை நுனியில் மாட்டும்போது சின்னக் கனமும் பெரிதாகிவிடும். தண்டிலிருந்து தள்ளிப்போகப் போக வளைக்கும் விசை அதே விகிதத்தில் கூடும். மறுபக்கம், கிளையின் விட்டம் இரண்டு மடங்கானால் வளைவைத் தாங்கும் பலம் எட்டு மடங்காகும். அதனால் அழகான மெல்லிய நுனிகளை வெறுமனே விட்டுவிட்டு, விரல் கனத்துக்கு மேற்பட்ட இடங்களில் மட்டும் மாட்டுங்கள். சந்தேகம் இருந்தால் மாட்டப்போகும் பொருளைப்போல் இரண்டு மடங்கு எடையுள்ள மணல் பையை ஒரு ராத்திரி தொங்கவிட்டுப் பாருங்கள்.

அடித்தளத்துக்கு நம்ம பகுதி ஒரு வரம். வெல்டிங் பட்டறைகளில் எம்.எஸ். பிளேட் வெட்டியது போக மிச்சம் கிடக்கும். ஒரு அடிக்கு ஒரு அடி, 6 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும். இடுப்பு உயரக் கிளைக்கு அது போதும். தகட்டில் துளை போட்டு, அடியிலிருந்து கோச் ஸ்க்ரூவை மரத்துக்குள் ஏற்றுங்கள். மரத்தில் முதலில் சின்ன டிரில் போட்டுத் துளைத்துக்கொள்வது கட்டாயம், சவுக்கானால் இரட்டைக் கட்டாயம். தகட்டைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தால் வெயிலில் நிற்பதற்குப் பாலியஸ்டர் பவுடர் கேளுங்கள். எபாக்ஸி வெயில் பட்டால் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுக்கும். "கிளையோட சேர்த்தே கோட்டிங் பண்ணிடலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. அந்தச் சூளை 180 முதல் 200 டிகிரி வரை போகும். மரம் கருகும். தகட்டைத் தனியாகக் கொடுத்து வாங்கிப் பிறகு பொருத்துங்கள்.

இரும்பு பிடிக்காதவர்கள் சிப்காட்டிலிருந்து காயலான் கடைக்கு வரும் பேலட் பலகையைப் பார்க்கலாம். ஏற்றுமதி, இறக்குமதிக்குப் பயன்படும் பேலட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் 'எச்.டி.' என்று இருந்தால், கட்டையின் மையம் வரை 56 டிகிரிக்குக் குறையாமல் 30 நிமிடம் சூடாக்கிப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். எச்.டி.யாகவே இருந்தாலும் எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ இருந்தால் தள்ளிவிடுங்கள், அந்தப் பேலட்டின் மேல் என்ன கொட்டியது என்று யாருக்கும் தெரியாது.

ஏரிப் பக்கம் நிற்கும் கிளைக்குக் கொக்கியும் ஸ்க்ரூவும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் நிம்மதி. அதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருப்பதால் உப்புக் காற்றைத் தாங்கும். 304 வீட்டுக்குள் போதும். 202 என்று மலிவாகக் கிடைப்பது கடலோரத்தில் துருப்பிடித்துவிடும்.

இரும்பு போடும் கருப்பு

கருவேல வகை மரங்களில் துவர்ப்புச் சத்து அதிகம். டானின் என்று சொல்கிறோமே, அதுதான். ஈரத்தோடு இரும்பு அதைத் தொட்டால் கருப்பு உண்டாகும். சாதாரண ஸ்க்ரூவைச் சுற்றி மரம் மை கொட்டியதுபோல் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிப்காட் பக்கம் காற்றில் வரும் இரும்புத் தூள் பூச்சில்லாத கிளையில் படிந்து, ஒரு மழைநாள் ஈரமும் சேர்ந்தால் அதே கருப்பு புள்ளி புள்ளியாக விழும். துடைத்தால் போகாது.

இந்தத் தொல்லையையே கலையாக்கி வைத்திருக்கிறார்கள் நமக்குப் பக்கத்திலேயே. ஆந்திர எல்லையைத் தாண்டினால் காளஹஸ்தி. அங்கே கலம்காரி வரைபவர்கள் துணியை முதலில் கடுக்காயிலும் பாலிலும் தோய்த்துக் காயவைக்கிறார்கள். பிறகு இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் நாட்கணக்கில் புளிக்கவைத்த சாயத்தில் மூங்கில் எழுதுகோலைத் தோய்த்துக் கோடு இழுக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சந்திக்கும் இடத்தில் கோடு கருப்பாகிறது. நம்ம பெரியவர்கள் தாளில் எழுதப் பயன்படுத்திய கடுக்காய் மையும் இதே கூட்டுதான், கடுக்காயும் அன்னபேதியும். அன்னபேதி என்பது இரும்பு உப்பு.

இதை மரக்கிளைக்கு அப்படியே கொண்டுவரலாம். எனக்கு மிகவும் பிடித்த பூச்சு இது. நன்றாகக் காய்ந்த கிளையை 120, 180, 220 என்று உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். வெங்காரக் கரைசலில் ஊறிய கிளையானால் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும் பொடியை முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். கடுக்காய்த் தூளைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறியதும் பிரஷ்ஷால் தடவுங்கள். காய்ந்ததும் இன்னொரு முறை. கிளை லேசான மஞ்சளாக மாறும். பிறகு அன்னபேதியை நீர்க்கக் கரைத்து ஒரே ஒரு கை தடவுங்கள். கண்ணெதிரே சாம்பல் நிறம் ஏறும். காற்றுப் படப்பட நீலங்கலந்த கருப்பாக இறங்கும். கொய்யாவின் வெள்ளைப் பகுதியும் சீமைக்கருவேலத்தின் வைரமும் ஒரே அளவில் கறுக்காது, ஆகவே மரத்தின் ரேகை மறையாமல் அடியில் தெரியும். பெயிண்ட் அடித்த கருப்பில் அது கிடைக்கவே கிடைக்காது.

கரைசல் கெட்டியாக இருக்கக் கூடாது. மிஞ்சிய இரும்பு உப்பு மரநாரை நாளடைவில் நொய்ந்துபோகச் செய்யும். நிறம் பிடித்ததும் வெறும் தண்ணீரால் துடைத்துவிட்டுக் காயவையுங்கள். சாயம் பிடித்த கிளையை அப்படியே விட்டால் வெளிர் மஞ்சள் குருத்தோலையில் கறை ஏறும், மேலே ஒரு படலம் அவசியம். அந்தக் கருப்புக்கு முன்னால் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் தோய்த்த ஓலைப் பெட்டியை மாட்டிப் பாருங்கள், பின்னல் ஒவ்வொன்றும் தனித்தனியாக எடுத்துக் காட்டும்.

மேல்பூச்சு: இடத்துக்கு ஒன்று

வீட்டுக்குள், கொலுவுக்கு, ஏசி கடைக்கு: அரக்குப் பாலிஷ். அரக்குப் பூச்சியிடமிருந்து வருவது, நம் நாட்டில் ஜார்க்கண்ட் பக்கம் அதிகம் விளைகிறது. ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் மெல்லிசாகப் பல தடவை பூசலாம். சீக்கிரம் காயும். கீறல் விழுந்தால் அதே பாலிஷைத் தொட்டுச் சரிசெய்துவிடலாம். ஈரம் தேங்கினால் வெள்ளையாகப் பூக்கும், அதுதான் இதன் குறை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே பூசுங்கள்.

சிப்காட் பக்கத்து அலுவலக வரவேற்பறை, கடைமுகப்பு: கெட்டியான படலம் வேண்டும். எண்ணெயும் மெழுகும் இங்கே சரிப்படாது. பிசுபிசுப்பில் தூள் ஒட்டி, துடைக்கத் துடைக்க உள்ளே இறங்கும். தண்ணீரில் கலக்கும் பி.யு. (பாலியூரிதேன்) இரண்டு மூன்று மெல்லிய கோட் போதும், பளபளப்பில்லாத மேட் ரகம் கிளைக்குப் பொருந்தும். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பி.யு.வை வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. அது பட்டறை வேலை. இன்னொன்று, மெழுகு நீக்காத அரக்கின் மேல் பி.யு. பிடிக்காது, உரிந்துவரும்.

ஏரிக்கரைத் திண்ணை, வெயிலும் சாரலும் படும் இடம்: இங்கே நிறமற்ற கெட்டிப் படலம் நிலைக்காது. வெயில் படலத்தை ஊடுருவி அடியிலுள்ள மரத்தை நொய்ந்துபோகச் செய்யும், பிறகு பூச்சு செதில் செதிலாகக் கழன்றுவிடும். வெளிப்புற உபயோகத்துக்கான மர எண்ணெய் நல்லது. வருடம் ஒருமுறை, மழைக்கு முன்னால், சுத்தம் செய்துவிட்டு மறுபடி தடவினால் போதும். ஆளிவிதை எண்ணெய் கலந்த எதைப் பூசினாலும் ஒரு எச்சரிக்கை: துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகும், சுருண்ட துணிக்குள் அது சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிட்ட பிறகே குப்பையில் போடுங்கள்.

எந்தப் பூச்சானாலும் முதலில் அதே கிளையிலிருந்து வெட்டிய துண்டில் பூசி, கிளை நிற்கப்போகும் இடத்திலேயே சில வாரம் வைத்துப் பாருங்கள். கடையில் காட்டும் வண்ண அட்டை வேறு மரத்தில் செய்தது. உங்கள் கொய்யாவுக்கும் உங்கள் வாசல் காற்றுக்கும் அது சாட்சி சொல்லாது.

எல்லாம் முடிந்ததும் அடித்தகட்டைக் கவிழ்த்து, அழியாத மார்க்கரால் எழுதி வையுங்கள்: என்ன மரம், எந்த மாதம் வெட்டியது, என்ன மருந்து, என்ன சாயம், மேலே என்ன பூச்சு. ஐந்து வருடம் கழித்துக் கிளை மங்கும். அன்றைக்கு அதைக் கையில் எடுப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். அரக்கா, பி.யு.வா, எண்ணெயா என்று தெரிந்தால் அவர் ஒரு மாலைப்பொழுதில் புதுசாக்கிவிடுவார். தெரியாவிட்டால் மொத்தத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிடுவார். நல்ல கிளையை அந்தக் கதிக்கு ஆளாக்காதீர்கள். எழுத இரண்டு நிமிடம் போதும்.